வாய் பிளந்த சொல் - 5: காட்டு ஆவி

சென்ற வாரம் ரோமாபுரிக் கவிஞர் ஓவிட்டைக் கருங்கடல் ஓரத்துக்கு நாடுகடத்திவிட்டு நிறுத்தியிருந்தோம். தொடரில் இப்போதுதான் ஏறுகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்வருகிறேன்.

கி.மு. 700 வாக்கில் ஹெசியாட் என்ற கிரேக்கக் கவிஞர், உலகில் முதன்முதலாக உண்டானது எது என்று சொல்ல வந்தார். அவர் சொன்ன பெயர் காஓஸ், இன்று நாம் கேயாஸ் என்று சொல்வது. பூமி அதற்குப் பிறகுதான். அந்தச் சொல்லுக்கு அன்று குழப்பம் என்ற பொருளே கிடையாது. கொட்டாவி விடும்போது வாய் அகலமாகப் பிளக்கிறதே, அந்தப் பிளவுதான் காஓஸ்.

எழுநூறு ஆண்டு கழித்து ரோமாபுரியில் ஓவிட் அதே சொல்லை எடுத்தார். அவர் கையில் அது தரம் பிரிக்காமல் கொட்டிவைத்த சாமான் குவியல் ஆனது. வெட்டவெளி சந்தைக்கடையாக மாறியது அப்போதுதான். ஆனாலும் பழைய பொருள் உடனே செத்துவிடவில்லை. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில் ஐசுவரியவானுக்கும் லாசருவுக்கும் நடுவே ஒரு பெரும் பிளவு வருமே, அதற்கு லத்தீன் பைபிள் போட்ட சொல் கேயாஸ்தான்.

'தசாவதாரம்' படத்தில் பட்டாம்பூச்சி பறந்ததே, அந்தக் கேயாஸ் எப்போது வரும் என்று கேட்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அது கணிதக்காரர்களின் கேயாஸ். அதற்கு இன்னும் முந்நூறு வருடப் பாதை பாக்கி இருக்கிறது.

இந்த வாரம் அந்தச் சொல்லுக்கு ஒரு பிள்ளை பிறக்கிறது.

அந்தப் பிள்ளையின் பெயர் உங்கள் வீட்டில் அடிக்கடி அடிபடுகிறது. சிவப்பு உருளைக்குள் 14.2 கிலோ எடையில் வந்து இறங்குகிறது. தீர்ந்துபோனால் வீடே அல்லோலகல்லோலப்படுகிறது.

கேஸ்.

* * *

கையுறையில் வந்த சொறி

யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மொண்ட் 1580ஐ ஒட்டி பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். வசதியான குடும்பம். அந்த நாடு அப்போது ஸ்பெயின் மன்னரின் ஆட்சியில் இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

லூவேன் பல்கலைக்கழகத்தில் பாடம் முடித்தார். பட்டம் கொடுக்கக் கூப்பிட்டார்கள். மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு ஒன்றுமே தெரியாதே, எந்த முகத்தோடு பட்டம் வாங்குவது என்பது அவர் கட்சி. பிறகு எது எதையோ படித்து அலைந்து, கடைசியில் 1599இல் மருத்துவப் பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு பெண்ணின் கையுறை. அதை வாங்கிப் போட்டதில் அவருக்குச் சொறி ஒட்டிக்கொண்டது. பெரிய மருத்துவர்களிடம் போனார். அவர்கள் காலன் என்ற கிரேக்க மருத்துவர் எழுதிவைத்த 1,400 வருடப் பழைய சாத்திரப்படி, உடம்பில் பித்தமும் கபமும் கெட்டுவிட்டன என்று பேதிக்குக் கொடுத்தார்கள். போனது சொறி இல்லை, உடம்பில் இருந்த சத்துதான். எழுந்து நடக்கத் தெம்பில்லாத நிலையில் கந்தகக் களிம்பைத் தடவிப் பார்த்தார். சொறி போய்விட்டது.

தோலில் இருந்த நோய்க்கு வயிற்றைக் கழுவிய சாத்திரத்தை அவர் அதன்பிறகு மன்னிக்கவே இல்லை. கந்தகத்தையும் பாதரசத்தையும் கையில் எடுத்த மருத்துவர் பாராசெல்சஸின் கட்சிக்குப் போய்ச் சேர்ந்தார். பாராசெல்சஸ் அவருக்குச் சில பத்தாண்டுகள் முந்தியவர், 1541இலேயே இறந்துபோனவர். அந்த மனிதரிடம் நமக்கும் வேலை இருக்கிறது. கொஞ்சம் கழித்து வருகிறேன்.

1609இல் மார்கரெட் வான் ரான்ஸ்ட் என்பவரை மணந்துகொண்டு, பிரஸ்ஸல்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் வில்வோர்டே ஊரில் குடியேறினார் ஹெல்மொண்ட். அங்கே ஏழு வருடம் உலைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். நெருப்பால் கற்ற தத்துவவாதி என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டார். பீற்றல் மாதிரித் தெரியலாம். ஆனால் அவரிடம் ஒரு தராசு இருந்தது. அதுதான் அவரைப் பழைய ரசவாதிகளிடம் இருந்து பிரித்துக் காட்டுகிறது.

* * *

61 பவுண்டு எங்கே போனது?

62 பவுண்டு கரியை எடுத்து எரித்தார். ஓக் மரக் கரி. எரிந்து முடிந்ததும் சாம்பலை அள்ளித் தராசில் வைத்தார்.

ஒரு பவுண்டு.

நாம் எல்லோரும் அடுப்பில் சாம்பல் அள்ளியவர்கள், அல்லது அள்ளியவர்களின் பிள்ளைகள். ஒரு சுமை விறகு போய் ஒரு முறம் சாம்பல் மிஞ்சும். புகையாகப் போய்விட்டது என்று கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுவோம். ஹெல்மொண்ட் எழுந்திருக்கவில்லை. ஒரு பொருள் ஒன்றுமில்லாமல் போகாது என்று அவர் நம்பினார். அப்படியானால் மிச்சம் 61 பவுண்டு ஏதாவது ஒரு வடிவத்தில் இருந்தாக வேண்டும்.

கரியைக் கலத்துக்குள் வைத்து மூடிச் சூடேற்றிப் பார்த்தார். காற்றுப் போக வழி இல்லாதபோது அது எரிய மறுத்தது. வலுக்கட்டாயம் செய்தால் கலம் வெடித்துச் சிதறியது. உள்ளே இருந்து எதுவோ வெளியே வர முண்டியது. கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கண்ணாடியை உடைக்கும் பலம் அதற்கு இருந்தது.

அதற்கு அவர் முதலில் சொன்ன பெயர் லத்தீனில் 'ஸ்பிரிட்டஸ் சில்வெஸ்ட்ரிஸ்'. காட்டு ஆவி. பழக்கப்படுத்த முடியாத, கட்டிவைக்க முடியாத ஆவி.

ஒரு தடவை கண்ணில் பட்டதும், போகிற இடமெல்லாம் அதுவே தட்டுப்பட ஆரம்பித்தது. திராட்சை ரசம் புளித்து நுரைக்கும் தொட்டியில் இருந்தது. சிப்பி ஓட்டின்மேல் காடி ஊற்றியபோது பொங்கி வந்தது. நேப்பிள்ஸ் பக்கத்தில் நாய்க்குகை என்று ஒரு குகை உண்டு. மனிதன் உள்ளே போனால் ஒன்றும் ஆகாது, கூடப்போன நாய் மயங்கி விழும். அங்கே இருப்பதும் இதே காட்டு ஆவிதான் என்றார். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தரையாகக் கிடக்கிறது. நாயின் மூக்கு அந்த உயரத்தில்தான் இருக்கிறது. நம் ஊரில் பாழுங்கிணற்றில் தூர் வார இறங்குவதற்கு முன்னால் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்களே, விளக்கு அணைந்தால் இறங்கமாட்டார்களே, அந்தப் பயத்துக்கும் காரணம் இதுதான்.

கரி, மது, சிப்பி, குகை. நாலுக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது என்று சொன்னவர் அதுவரை யாரும் இல்லை. அதுவரை எல்லோருக்கும் காற்று என்றால் ஒரே காற்று. கெட்ட காற்று, நல்ல காற்று என்பார்கள். ஆனால் வேறு காற்று என்று ஒன்று இருக்க முடியும் என்று நினைத்ததில்லை.

இந்த இடத்தில் அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டது.

* * *

பெயர் சூட்டு விழா

அவருடைய சங்கடத்தைப் பாருங்கள். இதைக் காற்று என்று சொல்ல முடியாது. காற்றில் விளக்கு எரியும், இதில் அணைகிறது. நீராவி என்றும் சொல்ல முடியாது. நீராவியைக் குளிரவைத்தால் திரும்பத் தண்ணீராகிவிடும், இது என்ன செய்தாலும் மசியவில்லை. 'ஆவி' என்று லத்தீனில் பொதுவாகச் சொன்னாலோ, சாராயத்தில் இருந்து பரிசுத்த ஆவி வரைக்கும் எல்லாம் அதற்குள் வந்துவிடும்.

அப்போது பாராசெல்சஸ் உதவிக்கு வந்தார்.

பாராசெல்சஸ் எழுதிய விசித்திரமான நூல் ஒன்று, அவர் இறந்து 25 ஆண்டு கழித்து 1566இல் அச்சானது. நீரிலும் காற்றிலும் மண்ணிலும் நெருப்பிலும் வாழும் அதிசய மனிதர்களைப் பற்றியது. ஒவ்வொரு பிறவிக்கும் உலாவுவதற்கு ஒரு வெளி வேண்டும் என்கிறார் அதில். மீனுக்குத் தண்ணீர், நமக்குக் காற்று, பூமிக்கடியில் வாழும் குள்ளர்களுக்குப் பாறையும் மண்ணும். நாம் காற்றுக்குள் தடையில்லாமல் நடப்பதுபோல அவர்கள் பாறைக்குள் நடப்பார்களாம். அந்த வெளிக்கு அவர் வைத்த பெயர் கேயாஸ். ஓவிட்டின் குவியலைத் தாண்டிக் குதித்து, ஹெசியாடின் திறந்த வெளிக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார்! தெரிந்து செய்தாரா, தற்செயலா என்று பண்டிதர்கள் அடித்துக்கொள்ளட்டும்.

ஹெல்மொண்ட் அந்தச் சொல்லை எடுத்து, வாலை நறுக்கினார். கேயாஸ், கேஸ். பெயர் இல்லாத குறைக்கு இந்த ஆவியை நான் கேஸ் என்று அழைத்தேன், முன்னோர்களின் கேயாஸுக்கு இது அதிகத் தூரமில்லை என்ற பொருளில் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

கிரேக்கத்துக் 'க'வும் கேஸின் 'க'வும் வேறல்லவா என்று காது கூர்மையானவர்கள் கேட்கலாம். அவருடைய ஊர் மொழியில் வேறில்லை. 'மகன்', 'பகல்' என்று நாம் சொல்லும்போது நடுவில் இருக்கும் 'க' தேய்ந்து 'ஹ'வுக்குப் பக்கத்தில் போகிறதே, கிட்டத்தட்ட அப்படித்தான் அங்கே அந்த முதலெழுத்து தொண்டையில் உரசும். கேயாஸின் கிரேக்க எழுத்தும் தொண்டையில் உரசுவதே. அவர் காதுக்கு இரண்டும் ஒரே ஓசை.

ஆவி என்று பொருள் தரும் ஜெர்மானியச் சொல்லில் இருந்துதான் கேஸ் வந்தது என்று பின்னால் சிலர் வாதாடினார்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்தவரே காரணம் எழுதிவைத்த பிறகு எனக்கு அந்த வாதம் எடுபடவில்லை.

இங்கே தமிழனுக்கு ஒரு சின்ன ஆச்சரியம் காத்திருக்கிறது. நம் பழைய அகராதியில் 'ஆவித்தல்' என்று ஒரு வினை உண்டு. வாய் பிளத்தல், கொட்டாவி விடுதல் என்று பொருள். அதே 'ஆவி' மூச்சு, உயிர், நீராவி, பேய் எல்லாவற்றையும் குறிக்கிறது. கிரேக்கத்தில் கொட்டாவிக்கு உறவான சொல் இரண்டாயிரம் ஆண்டு சுற்றி, பிரஸ்ஸல்ஸில் ஓர் ஆவிக்குப் பெயரானது. தமிழில் இரண்டும் ஒரே வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு கிரேக்கத்துக்குத் தமிழ்தான் தாய் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். உறவு ஏதுமில்லை. வாயைத் திறந்தால் மூச்சு வருவது எல்லா ஊரிலும் நடக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹெல்மொண்ட் அன்றைக்குப் பெற்றது இரட்டைப் பிள்ளைகள். கேஸ் ஒன்று, 'பிளாஸ்' இன்னொன்று. நட்சத்திரங்களையும் உடம்பையும் இயக்கும் சக்திக்கு அவர் உருவாக்கிய சொல் அது. அவருக்குப் பிளாஸ்மீது பிரியம் குறைவில்லை. ஆனால் உலகம் அதைத் தொடவே இல்லை.

* * *

கதவைத் தட்டியவர்கள்

ஸ்பெயின் ஆட்சி என்று சொன்னேனே, அது இங்கே வருகிறது.

அந்தக் காலத்தில் ஆயுதக் களிம்பு என்று ஒரு வைத்தியம் இருந்தது. கத்திக்குத்துப் பட்டால் காயத்துக்குப் பதில் கத்தியின்மேல் மருந்து தடவுவார்கள். காயம் தொலைவில் இருந்தே ஆறும் என்று நம்பினார்கள். இது சாத்தானின் வேலை என்றார் ஓர் இயேசு சபைப் பாதிரியார். இல்லை, காந்தம்போல இயற்கையின் வேலை என்று எதிர்த்து எழுதினார் ஹெல்மொண்ட். 1621இல் அது பாரிஸில் அச்சேறியது. புனிதர்களின் எலும்புகள் செய்யும் அற்புதத்தையும் அதே காந்தத்தோடு சேர்த்துப் பேசியதுதான் வினையாயிற்று.

சிரிப்பாக இருக்கிறது, இல்லையா? தராசு பிடித்து 61 பவுண்டைத் தேடிய மனிதர், கத்தியின்மேல் தடவும் களிம்பையும் நம்பினார். மேதைகளை அவர்கள் காலத்தில் இருந்து உரித்தெடுத்துப் பார்க்க முடியாது. இதை எழுதும்போது இதுதான் எனக்கு அதிகம் உறைத்தது.

1625இல் ஸ்பெயின் மதவிசாரணை மன்றம் அந்த நூலில் இருந்து 27 கருத்துகளைப் பொறுக்கியெடுத்துக் கண்டனம் செய்தது. 1634 மார்ச்சில் ஹெல்மொண்ட் பிடிக்கப்பட்டார். சில நாள் ஆயரின் மாளிகையில், பிறகு ஒரு துறவியர் மடத்தில் அடைத்து விசாரித்தார்கள். அதன்பின் வீட்டுச்சிறை. 1636இல் வீட்டுக்கதவு திறந்தது. ஆனால் வழக்கு முற்றிலும் ஓய 1642 ஆயிற்று.

மூத்த மகன்கள் இருவரைக் கொள்ளைநோய் கொண்டுபோயிருந்தது. எழுதியவற்றில் பெரும்பகுதி பெட்டிக்குள் கிடந்தது. கேஸ் என்ற சொல்லும் அதற்குள்தான் இருந்தது. உலைக்கு முன்னால் பிறந்த சொல், ஊரைத் தாண்டாமல் கிடந்தது.

* * *

தொட்டியில் ஒரு மரம்

அந்தப் பெட்டிக்குள் இன்னொரு சோதனையும் இருந்தது. இன்று பள்ளிக்கூடப் புத்தகங்களில் ஹெல்மொண்ட் பெயர் வருகிறது என்றால் அதற்காகத்தான்.

மண்ணை உலையில் காயவைத்து, சரியாக 200 பவுண்டு நிறுத்து, ஒரு தொட்டியில் கொட்டினார். அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டார். தூசி விழாமல் இருக்கத் தகரம் பூசிய ஓட்டைத் தகட்டால் தொட்டியை மூடினார். தண்ணீர் மட்டும் ஊற்றினார். ஐந்து வருடம்.

ஐந்தாம் வருட முடிவில் மரத்தைப் பிடுங்கி நிறுத்தார். 169 பவுண்டு 3 அவுன்ஸ். நாலு இலையுதிர் காலத்தில் கொட்டிய இலைகளை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தார். இரண்டு அவுன்ஸ்தான் குறைந்திருந்தது.

மண் மரமாகவில்லை. அப்படியானால் 164 பவுண்டு மரமும் பட்டையும் வேரும் எங்கிருந்து வந்தன? தண்ணீரில் இருந்து என்று எழுதினார் ஹெல்மொண்ட். எல்லாவற்றுக்கும் மூலம் தண்ணீர் என்ற அவருடைய பழைய நம்பிக்கைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது.

மரத்துக்குள் போனதில் தண்ணீர் உண்டுதான். ஆனால் கட்டையைக் கட்டையாக்கும் கரி, இலைகள் வழியே காற்றில் இருந்து வந்தது. நாம் கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லும் வாயுவில் இருந்து. அவர் காட்டு ஆவி என்று பெயர் வைத்தாரே, அதே வாயுவில் இருந்து!

ஒரு கையில் கரி எரிந்து ஆவியாவதை நிறுத்துப் பார்த்தார். இன்னொரு கையில் அந்த ஆவி மரமாகத் திரும்பி வந்ததையும் நிறுத்துப் பார்த்தார். இரண்டு கணக்கும் ஒரே நோட்டுப் புத்தகத்தில் இருந்தன. அவற்றை அவர் கூட்டிப் பார்க்கவில்லை. கரியை எரித்ததன் விடை தொட்டியில் ஐந்து வருடமாக அவர் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருந்தது.

* * *

பாத்திரத்தில் அடங்காதது

1644 டிசம்பர் 30ஆம் தேதி ஹெல்மொண்ட் இறந்தார். அதற்கு முன்னால் மகன் ஃபிரான்சிஸ்கஸ் மெர்க்யூரியஸைக் கூப்பிட்டு, முடிந்தது முடியாதது எல்லாவற்றையும் சேர்த்து அச்சடித்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். மகன் சொன்னபடி செய்தார். 1648இல் ஆம்ஸ்டர்டாமில் எல்செவிர் அச்சகத்தில் 'மருத்துவத்தின் உதயம்' என்ற பொருள்படும் தலைப்பில் அந்தப் பெரிய லத்தீன் புத்தகம் வெளிவந்தது. 1662இல் ஆங்கிலத்திலும் வந்தது.

ஐரோப்பா படித்தது. வேதியியலாளர் ராபர்ட் பாயில் படித்தார். ஆனால் கேஸ் என்ற சொல்லை மட்டும் அநேகமாக யாரும் கையில் எடுக்கவில்லை.

காரணம் ஹெல்மொண்டே எழுதிவைத்ததுதான் என்பது என் கணிப்பு. கேஸ் என்பது பாத்திரத்தில் அடைக்க முடியாதது, கண்ணுக்குத் தெரியும்படி ஆக்க முடியாதது என்று அவரே சொல்லிவிட்டார். பிடிக்கவே முடியாத ஒன்றை வைத்துச் சோதனைக்கூடத்தில் என்ன செய்வது? 1727இல் ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், குழாய் வழியாகக் கொண்டுபோய்த் தண்ணீருக்குள் கவிழ்த்த கலத்தில் அதைப் பிடித்துக் காட்டினார். அடங்காத ஆவி அடங்கிவிட்டது. ஆனால் ஹேல்ஸ் அதற்குச் சொன்ன பெயர் 'காற்று'. 1750களில் ஜோசப் பிளாக் சுண்ணாம்புக்கல்லில் இருந்து அதே காட்டு ஆவியை வெளியே எடுத்தார். அவர் வைத்த பெயர் 'நிலைத்த காற்று'. லீட்ஸ் நகரத்தில் பீர் ஆலைக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டிக்குமேல் நிற்கும் ஆவியைத் தண்ணீரில் கரைத்துச் சோடாவே செய்துவிட்டார். அவரும் புத்தகத்துக்குத் தலைப்பு வைக்கும்போது பலவகைக் 'காற்று' என்றுதான் எழுதினார்.

ஆக, ஹெல்மொண்ட் செத்து நூறு வருடத்துக்குமேல் ஆகியும் கேஸ் அவருடைய புத்தகத்துக்குள்ளேயே கிடந்தது. பிளாஸ் போன வழியிலேயே அதுவும் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. பாரிஸில் ஒருவர் அதைத் தூசிதட்டி எடுத்தார். அவருக்குத் தொழில் அரசனுக்காக வரி வசூலிப்பது, பொழுதுபோக்கு வேதியியல். 1794இல் கில்லட்டினில் தலையைக் கொடுக்கப்போகிறவர். ஹெல்மொண்டைப் போலவே தராசை நம்பியவர். 1787இல் அவரும் நண்பர்கள் மூவரும் உட்கார்ந்து, வேதியியலில் இருந்த ரசவாதப் பெயர்களை எல்லாம் ஒன்று விடாமல் துடைத்தெறியக் கிளம்பினார்கள். ஒரு பெயரைக் கேட்டாலே அந்தப் பொருள் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் சட்டம்.

அந்தச் சட்டத்துக்குக் கொஞ்சமும் கட்டுப்படாத சொல் கேஸ். ஒரு ரசவாதி, குள்ளர்கள் பாறைக்குள் நடக்கும் கதையில் இருந்து எடுத்து வால் நறுக்கிய சொல். எல்லாப் பழைய பெயர்களையும் குப்பையில் போட்ட லவாய்சியர், இதை மட்டும் ஏன் எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டார்?

அடுத்த வாரம் பாரிஸுக்குப் போவோம்.

(தொடரும்)